அந்த ஐந்தாவது புத்தகத்தை என்ன செய்வது?

கேள்வி: அக்கா, நான் கோவில்பட்டியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஐந்து மாதம் முன்னால் புத்தக மதிப்புரைகளுக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். வாரம் ஒன்று என்று தீர்மானம் செய்து இதுவரை பதினெட்டு எழுதிவிட்டேன். ஒன்றை நாற்பது பேர் படித்தாலே பெரிது. நடுவில் ஒரு பதிப்பகத்தார் ஐந்து புத்தகங்களை இலவசமாக அனுப்பினார்கள். நான்கைப் பற்றி நல்லவிதமாக எழுதினேன். ஐந்தாவது ஒரு நாவல், எனக்குப் பிடிக்கவே இல்லை. கிணறு வெட்டுகிற பகுதி மட்டும் பரவாயில்லை. எழுதியவர் எங்கள் ஊர்ப்பக்கம்தான், வயதில் மூத்தவர், என் சித்தப்பாவுக்குப் பழக்கம். இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்து "எப்பம்மா வரும்?" என்கிறார். பிடிக்கவில்லை என்று எழுதலாமா? எழுதினால் வழக்கு, வம்பு ஏதாவது வருமா? மதிப்புரையை எப்படித்தான் எழுத வேண்டும்? நான் எழுதிய பதினெட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள தங்கைக்கு,

பதினெட்டையும் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். ஒரு வார இதழில் இருபத்திரண்டு வருடம் மதிப்புரைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவள் நான். அந்தப் பழக்கத்தில், படிக்கும்போதே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன்.

பார்சல் வருவதற்கு முன்னால் நீங்கள் எழுதிய எட்டில் நிறையக் கோடு விழுந்தது, எல்லாம் பிடித்த வரிகளுக்காகப் போட்டது. அவை நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகங்கள் என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். தீப்பெட்டி ஒட்டும் பெண்களைப் பற்றிய சிறுகதைத் தொகுப்புக்கு எழுதியதில் ஒரு வரி: "கூலிக் கணக்கு வருகிற பக்கங்களில் ஆசிரியரின் கை நடுங்கவில்லை, காதல் வருகிற பக்கங்களில் நடுங்குகிறது." இதைப் படித்தவுடனே அந்தத் தொகுப்பை வாங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. குறை சொல்கிற வரிதான், ஆனாலும் வாங்கத் தோன்றியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பதிப்பகத்தார் அனுப்பிய நான்கு புத்தகங்களுக்கு எழுதியவற்றில் இப்படி ஒரு வரிகூட இல்லை. "நெஞ்சைத் தொடுகிறது", "அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்", "ஆசிரியரின் உழைப்பு பாராட்டுக்குரியது" என்று போகிறது. நான்கு மதிப்புரைகளிலும் புத்தகத்தின் பெயரை மட்டும் இடம் மாற்றிவைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்கள் பொய் எழுதவில்லை, அது எனக்குப் புரிகிறது. ஓசியில் வந்த புத்தகம், அனுப்பியவர்கள் மனம் நோகக் கூடாது என்ற கூச்சம் எழுத்தில் இறங்கிவிட்டது. உங்களுடைய எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கின்றன. மதிப்புரை எழுதுகிறவர் யாருக்குக் கடன்பட்டவர்?

புத்தகம் இன்னும் கைக்கு வராத ஆளுக்கு. இன்று 250 பக்க நாவல் 300 ரூபாயைத் தொட்டுவிட்டது. மாதச் சம்பளத்தில் புத்தகத்துக்கென்று ஐந்நூறு ரூபாய் ஒதுக்குகிற ஒருவர், இதை வாங்கட்டுமா வேண்டாமா என்று உங்களைக் கேட்கிறார். பதிப்பகத்தாரும் ஆசிரியரும் நீங்கள் எழுதியதைப் படிப்பார்கள், சந்தோஷமோ வருத்தமோ படுவார்கள். ஆனால் நீங்கள் பேசுவது அவர்களோடு இல்லை.

இதை நான் ஒரு அஞ்சல் அட்டையிலிருந்து கற்றேன். பக்கத்தைப் பொறுப்பேற்ற இரண்டாம் வருடம், தெரிந்த ஒருவரின் நாவலை ஓகோவென்று எழுதியிருந்தேன். பத்து நாள் கழித்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து அட்டை வந்தது. "தங்கள் மதிப்புரையை நம்பி மணியார்டர் அனுப்பி வாங்கினேன். நூறு பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. தாங்கள் முழுவதும் படித்தீர்களா?" என்று கேட்டிருந்தார். நான் படிக்கவில்லை. நூற்றி முப்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அணிந்துரையைப் பார்த்து மிச்சத்தை ஒப்பேற்றியிருந்தேன். அவருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். அந்த அட்டை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அதற்கப்புறம் இரண்டு பழக்கங்களை விடவே இல்லை. முழுதாகப் படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோல் எழுதுவதில்லை. முடியாமல் பாதியில் வைத்துவிட்டால், எத்தனையாவது பக்கத்தில் ஏன் வைத்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன். இன்னொன்று, அணிந்துரை, பதிப்புரை, பின்னட்டை வாசகம் எதையும் முதலில் படிப்பதில்லை. நம் ஊர்ப் புத்தகங்களில் அணிந்துரை என்பது பெரும்பாலும் கல்யாண வீட்டு வாழ்த்துப் பத்திரம். அதை முதலில் படித்தால், நாமாகக் கண்டுபிடித்தது எது, அதிலிருந்து ஒட்டிக்கொண்டது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். உங்கள் நான்கில் இரண்டு மதிப்புரைகள் அணிந்துரையின் சாயலில்தான் இருக்கின்றன. "மண்ணின் மணம் கமழும் எழுத்து" என்பது நிச்சயம் உங்கள் வாயில் வருகிற சொல் இல்லை. கை நடுங்குகிறது என்று எழுதியவர் அப்படிப் பேச மாட்டார்.

எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குச் சூத்திரம் கிடையாது, என் வழக்கத்தைச் சொல்கிறேன். படிக்கும்போது பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் பக்கத்தில் இருக்கும். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது, அதற்குத்தான் துண்டுத் தாள். எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன், எங்கே கொட்டாவி வந்தது, எங்கே பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது என்று பக்க எண்ணோடு குறிப்பேன். முடித்ததும் ஒரு நாள் விட்டுவிட்டு, முதல் அத்தியாயத்தை மறுபடி படிப்பேன். முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தைப் படித்தால், ஆசிரியர் என்ன செய்ய நினைத்துக் கிளம்பினார் என்பது பளிச்சென்று தெரியும். அவர் கிளம்பிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பதுதான் மதிப்புரையின் நடுக்கேள்வி. துப்பறியும் கதை எழுதியவரிடம் தத்துவம் இல்லையே என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. ஆனால் கொலையாளி யார் என்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால், தாராளமாக வருத்தப்படலாம்.

கதைச் சுருக்கத்தை ஐந்தாறு வரிக்குள் முடியுங்கள். உங்கள் மதிப்புரைகளில் பாதி இடத்தைச் சுருக்கமே தின்றுவிடுகிறது, இரண்டில் முடிவையும் சொல்லியிருக்கிறீர்கள். வாங்கப் போகிறவரிடமிருந்து அந்த இன்பத்தைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. மிச்சமாகிற இடத்தில் புத்தகத்திலிருந்து மூன்று நான்கு வரிகளை அப்படியே எடுத்துப் போடுங்கள். நடை நன்றாக இருக்கிறது என்று பத்து வரி எழுதுவதைவிட, அந்த நடையில் மூன்று வரியைக் காட்டினால் வாசகர் தானே முடிவு செய்துகொள்வார். உங்கள் ரசனையும் அவர் ரசனையும் ஒத்துப்போகாவிட்டால்கூட அந்த மூன்று வரி அவருக்குப் பயன்படும். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. கவிதைத் தொகுப்பு என்றால் மட்டும் கொஞ்சம் கவனம். எட்டு வரிக் கவிதையை முழுதாகப் போட்டால் ஒரு முழுப் படைப்பையே எடுத்துப் போட்டதாகிவிடும், நான்கு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற திருட்டு பிடிஎஃப் எதற்கும் உங்கள் பக்கத்தில் இடம் கொடுக்காதீர்கள். சில நூறு பிரதிகள் அச்சிட்டு, அதை விற்கப் படாதபாடு படுகிற பதிப்பகங்கள்தான் தமிழில் அதிகம்.

மொழிபெயர்ப்புகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பதினெட்டில் மூன்று மொழிபெயர்ப்பு நூல்கள், மூன்றிலும் மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. நீங்கள் படித்த ஒவ்வொரு தமிழ் வாக்கியத்தையும் எழுதியவர் அவர்தான். பெயரைப் போடுங்கள். அப்புறம், மூல மொழியிலிருந்து நேரே வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று பதிப்பு விவரப் பக்கத்தில் பாருங்கள். லத்தீன் அமெரிக்க நாவல்கள் பல நமக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வந்தன. அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் ஸ்பானிய நடையின் அழகு என்று எழுதுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

சரி, பிடிக்காத புத்தகத்துக்கு வருகிறேன். எழுதலாமா என்றால், எழுதலாம். வழக்கைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள், அதனால் சட்டத்தையே சொல்கிறேன். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் வந்தபோதே, அவதூறு பற்றிய 499ஆவது பிரிவில் சில விதிவிலக்குகளை வைத்தார்கள். அதில் ஆறாவது நமக்கானது. மக்கள் தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஒருவர் முன்வைத்த படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 356ஆவது பிரிவில் இது தொடர்கிறது. பழைய சட்டத்தில் இதற்குக் கொடுத்த உதாரணமே ஒரு புத்தகம்தான். இந்தப் புத்தகம் அசட்டுத்தனமானது, இதை எழுதியவர் பலவீனமான மனிதராக இருக்க வேண்டும் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னால் விதிவிலக்குக்குள் வருவார். அவர் பலவீனமானவர், ஒழுக்கம் கெட்டவர், அவர் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னால் வர மாட்டார். ஏனென்றால் அந்தக் கருத்துக்குப் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. மதிப்புரைக் கலையைப் பற்றி நான் படித்த மிகத் தெளிவான பாடங்களில் இது ஒன்று. சட்டம் எழுதியவர்கள் பார்த்ததும், நல்ல ஆசிரியர் ஒருவர் பார்ப்பதும் ஒன்றையேதான்: நீ சொல்வது புத்தகத்திலிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா? நான் வக்கீல் இல்லை. உண்மையாகவே நோட்டீஸ் வந்தால் ஒரு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பக்க எண்ணோடு, மேற்கோளோடு, ஆளைத் தொடாமல் எழுதிய மதிப்புரைக்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிடிக்காத எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டுமா? இல்லை. யாருக்கும் தெரியாத ஒருவரின் முதல் புத்தகம், வலுவில்லாமல் இருக்கிறது, நீங்கள் எழுதாவிட்டாலும் யாரும் வாங்கப் போவதில்லை என்றால் சும்மா இருந்துவிடலாம். நான் பலமுறை அப்படி இருந்திருக்கிறேன். ஊரே கொண்டாடுகிற, விருது வாங்குகிற புத்தகம் சரியில்லை என்று தோன்றினால் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கே வாசகர் பணம் நிஜமாகவே செலவாகிறது. உங்கள் ஐந்தாவது புத்தகம் முதல் வகையைச் சேர்ந்தது போலத் தோன்றலாம். ஆனாலும் நீங்கள் எழுத வேண்டும் என்றுதான் சொல்வேன். ஒரே பார்சலில் வந்த நான்கையும் புகழ்ந்துவிட்டு ஐந்தாவதைப் பற்றி வாயே திறக்காவிட்டால், இந்தப் பெண்ணுக்குப் புத்தகம் அனுப்பினால் நல்லதாக வரும், இல்லையென்றால் வராது என்று பதிப்பகத்துக்கு ஒரு கணக்குப் பிடிபட்டுவிடும். அந்தக் கணக்கு உங்களைச் சுற்றி ஒருமுறை உருவாகிவிட்டால் அதை உடைப்பது கஷ்டம்.

இலவசப் பிரதி வாங்குவது தப்பில்லை. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும் என்று தமிழ்ப் பத்திரிகைகள் காலங்காலமாகப் போட்டுவருகின்றன. அதே பத்திரிகைகள் இன்னொரு நல்ல வழக்கத்தையும் வைத்திருந்தன: 'வரப்பெற்றோம்' என்று ஒரு பகுதி. வந்த புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை மட்டும் அதில் இருக்கும், கருத்து இருக்காது. அனுப்பியவருக்குப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைத்துவிடும். மதிப்புரை வருமா வராதா என்பது ஆசிரியர் குழு முடிவு செய்வது. நீங்களும் மாதம் ஒருமுறை ஒரு வரப்பெற்றோம் போடுங்கள். அனுப்புகிறவர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லுங்கள்: வரப்பெற்றோம் உறுதி, மதிப்புரை உறுதியில்லை, மதிப்புரை வந்தால் பாராட்டாக இருக்கும் என்பதும் உறுதியில்லை. பாதிப் பேர் அனுப்ப மாட்டார்கள். மீதிப் பேர்தான் உங்களுக்கு வேண்டியவர்கள்.

அதோடு, இலவசமாக வந்த புத்தகத்துக்கு எழுதும்போது, இந்தப் பிரதியைப் பதிப்பகம் அனுப்பியது என்று முதல் பத்திக்கு மேலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். கடைசியில் பொடி எழுத்தில் போடுவதில் அர்த்தமில்லை. சமூக ஊடகத்தில் பொருட்களைப் பரிந்துரைப்பவர்கள், இலவசமாகப் பெற்றதையும் சேர்த்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. விளம்பரத் தர மன்றம் 2021லேயே இதைச் சொல்லியிருந்தது. விதி இருக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு வரியை எழுதிய கையால் அதற்குக் கீழே பூசி மெழுகுவது கஷ்டமாக இருக்கும். அதற்காகவே போடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு மதிப்புரை எழுதச் சொன்னால் மட்டும், தொகை எவ்வளவாக இருந்தாலும், மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒன்று என்ற தீர்மானத்தை விட்டுவிடுங்கள். வங்கி வேலையும் பார்த்துக்கொண்டு வாரம் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து, யோசித்து, எழுத முடியாது. முடிந்ததுபோல் காட்டத்தான் முடியும். மாதம் இரண்டு போதும். ஜனவரிப் புத்தகக் காட்சிக் கூட்டத்திலும் போய் இடிபட வேண்டாம். பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977இல் சென்னைப் புத்தகக் காட்சியைத் தொடங்கியதிலிருந்து, தமிழ்ப் பதிப்புலகத்தின் வருடம் மெல்ல மெல்ல அதைச் சுற்றியே அமைந்துவிட்டது. டிசம்பரில் அச்சகங்கள் தூங்குவதில்லை, புதுப் புத்தகங்கள் குவிகின்றன, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். பிப்ரவரி பிறந்ததும் அந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச ஆளில்லை. ஜூலையில், ஆகஸ்டில், அந்தப் புத்தகத்தை எழுதியவரே மறக்கத் தொடங்கும்போது ஒரு நல்ல மதிப்புரை வந்தால், அது தனியாகத் தெரியும். ஈரோட்டுப் புத்தகத் திருவிழா ஆகஸ்டில்தான் நடக்கிறது, அங்கே போகிறவர்களுக்கும் உதவும். பழைய புத்தகங்களையும் விடாதீர்கள். உங்கள் ஊர் நூலக அலமாரியில் இருபது வருடமாக யாரும் எடுக்காத நல்ல புத்தகம் ஒன்று கட்டாயம் இருக்கும்.

நாற்பது பேர்தானா என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தமிழில் வருகிற எத்தனையோ புத்தகங்களுக்கு ஒரே ஒரு மதிப்புரைகூட வருவதில்லை. நாளைக்கு ஒரு மாணவி அந்தப் புத்தகத்தின் பெயரைத் தேடும்போது உங்களுடையது ஒன்றுதான் கிடைக்கும் என்றால், அந்த நாற்பதை நீங்கள் வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். அவள் கண்ணில் பட வேண்டுமென்றால் சில விஷயங்களைச் செய்ய வேண்டும். தலைப்பில் "மனதில் நின்ற மழைத்துளி" என்றெல்லாம் போடாமல் புத்தகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் போடுங்கள். ஆசிரியர் பெயரை ஆங்கில எழுத்திலும் ஓரிடத்தில் எழுதிவையுங்கள், பலர் அப்படித்தான் தேடுகிறார்கள். பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, இருந்தால் ஐஎஸ்பிஎன் என்கிற 13 இலக்கப் புத்தக அடையாள எண், இது எத்தனையாவது பதிப்பு என்பதெல்லாம் கீழே இருக்கட்டும். இப்போது வந்திருப்பது மறுபதிப்பு என்றால் முதற்பதிப்பு எந்த வருடம் என்று கட்டாயம் சொல்லுங்கள். 1970இல் எழுதிய நாவலை இன்றைய நாவல்போல் நினைத்து, இதில் ஏன் செல்போன் இல்லை என்று யோசிக்கிற வாசகரும் உண்டு.

எழுதியதை உங்கள் கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் போனது, கூகுள் பிளஸ் 2019இல் போனது, தமிழ் இலக்கியம் பேசிய எத்தனையோ குழுக்கள் இருந்த யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரோடு மூடப்பட்டது. அங்கே எழுதப்பட்ட நல்ல மதிப்புரைகள் பலவற்றை இன்று தேடினால் கிடைப்பதில்லை. எனக்கு அது உண்மையான துக்கம். சொந்தமாக ஒரு இணைய முகவரி வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்குங்கள், பெரிய செலவில்லை.

தப்பு நடந்தால் திருத்துங்கள். பாத்திரத்தின் பெயரை மாற்றி எழுதிவிடுவோம், மகளை மருமகள் என்று எழுதிவிடுவோம். யாராவது சுட்டிக்காட்டினால் சத்தமில்லாமல் மாற்றாமல், இன்ன தேதியில் இன்னதைத் திருத்தினேன் என்று கீழே குறித்துவிடுங்கள். வாசகரின் நம்பிக்கை இதில் கூடுமே தவிர குறையாது.

இனி உங்கள் சித்தப்பாவின் நண்பர். அவர் மறுபடி கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூப்பிடுங்கள். "ஐயா, நாவலை முழுதும் படித்துவிட்டேன். இன்னொரு முறை படித்துவிட்டு எழுதப் போகிறேன். எனக்குச் சில இடங்கள் பிடித்தன, பல இடங்களில் உடன்பாடு இல்லை. இரண்டையும் எழுதுவேன். வருவதற்கு முன்னால் காட்ட முடியாது, வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன்" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார். இருக்கட்டும். மூத்தவர் என்பதற்காகக் குரலில் மரியாதை கூடலாம், கருத்து மாறக் கூடாது. சித்தப்பாவிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அவர் வேறு யார் வாயிலாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அப்புறம் நிஜமாகவே இன்னொரு முறை படியுங்கள். முதல்முறை போன் மணிக்கு நடுவில் படித்திருப்பீர்கள், எரிச்சல் கொஞ்சம் கலந்திருக்கும். கடிதத்தில் அந்த நாவலைப் பற்றி உங்களை அறியாமல் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "கிணறு வெட்டுகிற பகுதி மட்டும் பரவாயில்லை." அந்தப் பகுதி ஏன் பரவாயில்லை, மற்றவை ஏன் அப்படி வரவில்லை? கிணறு வெட்டுவதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாரா, மற்றதையெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறாரா? அந்தப் பக்கங்களையும் சரியில்லாத பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மதிப்புரை அங்கேயிருந்து தொடங்கலாம். தீப்பெட்டித் தொகுப்புக்கு எழுதிய அந்த வரியைப் போல ஒன்று இதிலும் உங்களுக்குக் கிடைக்கும், கிடைத்தால் கிணற்றுக்காகவாவது சிலர் அந்த நாவலைத் தேடுவார்கள்.

எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள். பென்சில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா